ஓக்கா, வேம்பா, உசிலையா? வேலூர்க் கரட்டுக்கு எந்த மரம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் நண்பருக்கு இரண்டு ஏக்கர் செம்மண் கரடு, பாதி பாறை. கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் ஓக் விதை கொண்டுவரட்டுமா என்று கேட்டானாம். "வறட்சியைத் தாங்கும் மரமாமே?" என்றார் என்னிடம்.

தாங்கும், உண்மைதான். அங்குள்ள நீல ஓக், கோடையில் நாலைந்து மாதம் மழையே இல்லாமல் நிற்கும். வறட்சி மிஞ்சினால் கோடையிலேயே இலையைக் கொட்டிவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும். பாறை வெடிப்புகளில் புகுந்து 20 மீட்டருக்கும் கீழே அதன் வேர் போனதைக் கண்டிருக்கிறார்கள். கொட்டையை மானும் மரங்கொத்தியும் தின்னும். உதிர்ந்த இலை மக்கி, மரத்தடி மண் சுற்றியுள்ள புல்வெளியைவிட வளமாக இருக்கும். அந்த வறண்ட காட்டுக்கே தாய் மாதிரி. ஆனால் அங்கே மழை குளிர்காலத்தில். நமக்கோ ஆடியில் பிடித்து கார்த்திகை வரை. விதை காய்ந்துவிட்டால் முளைக்காது. அனுமதியில்லாமல் விதை கொண்டுவரச் சட்டமும் இடம் தராது.

சரி, ஓக் செய்யும் வேலையை இங்கே யார் செய்வது? சீமைக்கருவேலம் வேகமாக வரும், விறகும் கரியும் தரும். ஆனால் ஆடுமாடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் முளைக்கும். கரடு முழுக்க அதுவாகிவிடும். அது வேண்டாம்.

வேம்பின் நிழலை மிஞ்ச ஆளில்லை. கத்திரி வெயிலிலும் பச்சை. பழத்துக்குக் காக்கையும் மைனாவும் வரும். வரப்போரமும் கிணற்றடியும் அதற்குத்தான்.

சரிவு முழுவதற்கும் நான் சொன்னது உசிலை. துரிஞ்சி என்றாலும் அதேதான்; இலையை இடித்தால் அரப்புத்தூள். ஜவ்வாது மலை அடிவாரக் காடுகளின் சொந்த மரம் அது. ஓக் போலவே வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி தழையும். அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சில் பிடித்து மண்ணுக்குத் தரும். வேம்பாலும் ஓக்காலும் முடியாத காரியம் இது. பூத்தால் தேனீ மொய்க்கும். வளர்ச்சி மட்டும் மெதுவு. அதற்கு நண்பர் முகம் சுளித்தார். நீல ஓக்கும் மெதுவாகத்தான் வளரும் என்றதும் கொஞ்சம் சமாதானமானார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். கலிஃபோர்னியாவில் பல இடங்களில் முதிர்ந்த ஓக் மரங்கள்தான் நிற்கின்றன, கன்றுகள் தலையெடுப்பதில்லை. மாடு மேய்வதும் அதற்கு ஒரு காரணம். நம் கரட்டிலும் ஆடு விடாது. ஆடிக்குள் குழி எடுத்து, முதல் இரண்டு மூன்று கோடைக்குக் கன்றைச் சுற்றி முள் அடைத்துவிடுங்கள் என்றேன்.