க்யூபாத்: உட்கருவை நம்பலாம், செல் எல்லையை நம்ப வேண்டாம்

சிறுநீர்ப்பைக் கட்டியின் எச் அண்ட் ஈ ஸ்லைடில் (வழக்கமான ஊதா-இளஞ்சிவப்புச் சாயமிட்டது) செல்லின் உட்கருவை அளக்க, காசு போட்டு மென்பொருள் வாங்கும் முன் ஸ்லைடு படங்களை அளக்கும் க்யூபாத்தை இறக்கிப் பாருங்கள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஸ்கேனர் கோப்பில் பிக்சல் அளவு கூடவே வந்துவிடும். ஜேபெக் படத்தில் வராது, நாமே கொடுக்க வேண்டும். 40எக்ஸ் ஸ்கேன் என்றால் பெரும்பாலும் ஒரு பிக்சலுக்கு 0.25 மைக்ரான். கொடுத்தது சரியா என்று பார்க்க ஸ்லைடிலேயே அளவுகோல் இருக்கிறது: லிம்ஃபோசைட் என்ற சிறிய வெள்ளையணு. அதன் உட்கரு ஏறத்தாழ 7 மைக்ரான் குறுக்களவு, 38 சதுர மைக்ரான் பரப்பு. பரப்பு 150 என்று வந்தால் பிக்சல் அளவை இருமடங்காகப் போட்டிருக்கிறீர்கள்.

செல் டிடெக்‌ஷனில் (செல்களைத் தானாகக் கண்டெடுக்கும் கட்டளை) மென்பொருளே வைத்திருக்கும் உட்கருப் பரப்பு வரம்பு 10 முதல் 400 சதுர மைக்ரான் வரை. 10 ரொம்பக் குறைவு, செத்த செல்லின் துணுக்கும் எண்ணிக்கையில் ஏறும்; 20 வையுங்கள். ஹை கிரேடு (தீவிர வகை) கட்டியில் வெளிறிய பெரிய உட்கரு இரண்டு மூன்றாக உடையும். படத்தை மழமழப்பாக்கும் சிக்மாவை 1.5-லிருந்து 2 ஆக்கினால் ஒட்டும். ஆனால் லோ கிரேடு (தீவிரம் குறைந்த வகை) கட்டியின் நெருக்கமான உட்கருக்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிரேடையும் ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே அமைப்பைத்தான் வைக்க வேண்டும். க்யூபாத்தில் சேர்க்கும் ஸ்டார்டிஸ்ட் நீட்சி நெருங்கிய உட்கருக்களை நன்றாகப் பிரிக்கிறது. மாடல் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும்.

நாம் சிக்கிக்கொள்ளும் பெரிய பொறி உட்கரு-செல் விகிதம், அதாவது செல்லின் பரப்பில் உட்கருவின் பங்கு. மென்பொருள் சைட்டோபிளாசத்தின் (உட்கருவைச் சுற்றிய செல்பகுதி) விளிம்பைத் தேடுவதே இல்லை. உட்கருவைச் சுற்றி 5 மைக்ரான் விரிக்கிறது, பக்கத்துச் செல் இடித்தால் நிறுத்துகிறது. தனியாக நிற்கும் 10 மைக்ரான் உட்கருவுக்கு எப்போதும் 0.25தான். சிறுநீர் சைட்டாலஜியின் (சிறுநீரில் உதிரும் செல்களைப் பார்க்கும் பரிசோதனை) வகைப்பாடான பாரிஸ் முறை ஹை கிரேடுக்குக் கேட்கும் 0.7 இப்படி வர, உட்கரு 51 மைக்ரான் குறுக்களவு இருக்க வேண்டும்! அந்த நெடுவரிசையை அழித்துவிடுங்கள். விகிதம் தேவையென்றால் செல்லைக் கையால் வரையுங்கள்.

அளக்க வட்டமிடும் இடமும் முக்கியம். டியுஆர்பிடி (சிறுநீர்க்குழாய் வழியாகக் கட்டியை வெட்டியெடுக்கும் அறுவை) துண்டின் கருகிய ஓரத்தில் உட்கரு இழுபட்டு நீளும். மேலடுக்கின் குடைச் செல்கள் இயல்பிலேயே பெரியவை, சராசரியைத் தூக்கிவிடும். சராசரியோடு திட்ட விலக்கத்தையும் எடுங்கள். உட்கருக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பது அதில்தான் தெரியும். முடிந்ததும் வொர்க்ஃப்ளோ பக்கத்தில் ஸ்கிரிப்டாகச் சேமித்தால், அடுத்த ஸ்லைடில் எண்களை மறுபடி தட்ட வேண்டாம்.