சார்ல்ஸ்டனா சவானாவா: அமாவாசை பார்த்து வீடு வாங்கிய கதை

அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோர ஊரான சார்ல்ஸ்டனில், அதுவும் பழைய ஊர் இருக்கும் தீபகற்பத்துக்குள்ளேயே, மூன்று வருடம் வாடகைக்கு இருந்தோம். சொந்த வீடு என்று வந்தபோது அதே கடலோரப் பகுதியில் இருக்கும் சவானாவுக்கு மாறிவிட்டோம். இரண்டுக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரம்தான். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். சார்ல்ஸ்டன் 1670, சவானா 1733. பழமையில் இரண்டும் குறைந்ததில்லை. புழுக்கமும் கொசுவும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சாப்பாட்டில் சார்ல்ஸ்டன் ஒரு படி மேல். வேலையிலும் அப்படித்தான், போயிங் ஆலையும் மருத்துவப் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன. சவானாவில் துறைமுகம், கல்ஃப்ஸ்ட்ரீம் விமான ஆலை, இப்போது பக்கத்தில் ஹூண்டாய் கார் ஆலை. கால்நடையாகச் சுற்ற சவானா. 22 சதுக்கங்கள், எந்தத் தெருவில் போனாலும் கொஞ்ச தூரத்தில் ஓக் மர நிழலும் ஒரு பெஞ்சும் வந்துவிடும்.

வீட்டை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு சார்ல்ஸ்டனுக்குத்தான். அங்கே 'சிங்கிள் ஹவுஸ்' என்று ஒரு வகை. ஒரே ஒரு அறை அகலம், தெருவுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் நீளமாக ஒரு பியாஸா. நம் ஊர்த் திண்ணையை இழுத்து நீட்டி மாடிக்கும் ஒன்று வைத்தது மாதிரி. சாயங்காலம் கடல் காற்று வரும்போது அதில் உட்கார்ந்திருப்பது தனி சுகம்.

ஆனால் தண்ணீர்.

அந்தத் தீபகற்பத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஓடையும் சதுப்பும். அதைத் தூர்த்துத்தான் தெருக்கள் போட்டார்கள். கடல் ஏறும்போது மழைநீர்க் குழாய் வழியாகவே தண்ணீர் தெருவுக்கு ஏறி வரும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே. அதே நேரத்தில் மழையும் பெய்தால் வடிய வழியே கிடையாது. ஊரில் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்போம். அங்கே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வருவோம். ஒருமுறை சோம்பலில் விட்டுவிட்டேன், கணுக்கால் அளவுதான் தண்ணீர், ஆனால் உப்புத் தண்ணீர். அடுத்த ஆண்டு மெக்கானிக் காரைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

வாடகைக்கு இருப்பவனுக்கு அது காரோடு போயிற்று. வாங்குபவனுக்கு வெள்ளக் காப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாக எடுக்க வேண்டும். கூட்டாட்சி அரசின் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000, அதோடு சரி. தீபகற்பத்தில் அந்த விலைக்குக் கார் ஷெட் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆக மீதிக்குத் தனியாரிடம் போக வேண்டும், புயல் காற்றுக்கு இன்னொரு பாலிசி. 2021-இல் கட்டணக் கணக்கை மாற்றினார்கள். ஏற்கனவே பாலிசி வைத்து அந்த வீட்டிலேயே குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறாது. புதிதாகப் பாலிசி எடுப்பவர் முதல் நாளே முழுக் கட்டணம் கட்ட வேண்டும். விற்பவரின் பாலிசியை அப்படியே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லலாம், இதை எங்களிடம் யாரும் தானாகச் சொல்லவில்லை. நாங்கள் பார்த்த ஒரு வீட்டுக்குக் காப்பீடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதாமாதம் இன்னொரு வாடகை. நாளை விற்கப் போனாலும் வருகிறவர் இதே கணக்கைத்தானே போடுவார்?

சவானாவின் பழைய நகரம் ஆற்றிலிருந்து சுமார் 40 அடி உயர மேட்டில் இருக்கிறது. ஊரை நிறுவிய ஓக்ல்தார்ப் அங்கே இடம் பிடித்தபோது எனக்காகவே பிடித்தது மாதிரி இருக்கிறது. கடலின் ஏற்ற இறக்கம் பார்த்தால் சார்ல்ஸ்டனைவிட இங்கேதான் அதிகம், ஆனாலும் அது கீழே ஆற்றோடு நின்றுவிடும். எங்கள் வீடு ஃபோர்சைத் பூங்காவுக்குத் தெற்கே. கடன் கொடுத்த வங்கி வெள்ளக் காப்பீடே கேட்கவில்லை. நானாக எடுத்தேன், அங்கே சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சவானா முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், சதுப்பு ஓரத்து வீடுகளுக்கும் டைபீ தீவுக்கும் கதை வேறு. டைபீக்குப் போகும் ஒரே சாலையே கடல் ஏறினால் மூழ்கும்.

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய மரவீடு, கரையானுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிப் பாதுகாப்பு ஒப்பந்தம். வீட்டைத் தாங்கும் செங்கல் தூண்களுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் வைக்க வேண்டும். முன்பு யாரோ சிமென்ட் வைத்துப் பூசியதில் பழைய செங்கல்தான் உதிர்ந்து கொட்டியது. அப்புறம் ஓக் மரம். நிழலுக்குக் கொண்டாடுவோம், 2024-இல் ஹெலீன் புயல் வந்த இரவு முழுக்கக் கூரைக்கு மேலே இருக்கும் கிளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, நேராக மோதும் பெரும்புயல் ஒன்றையும் இங்கே பார்க்கவில்லை. அதனால் மேட்டைப் பற்றி நான் பேசுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை சார்ல்ஸ்டனில்தான் என்றால் அங்கேயே வாங்குங்கள், ஆனால் வீட்டுத் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் உயரச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிட்டு, மழையோடு ஒரு அமாவாசை வரும் நாளில் அந்தத் தெருவில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.