பிளெபிஸ்டாட்டின்: விளக்கை அணைத்தால் நல்ல மருந்து

குப்பியின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தூள் ஒரு சிட்டிகைகூட வராது. எட்டு மாதமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

நான் வளர்ப்பது சி2சி12 எலித் தசைச் செல்கள். 2 சதவீதக் குதிரைச் சீரம் கலந்த வளர்ப்புக் கரைசலுக்கு மாற்றினால், தனித்தனியாகத் திரிந்தவை நீண்டு, வரிசை கட்டி, ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட இழையாகிவிடும். இந்த உருமாற்றத்தில் மையோசின் 2 என்ற மோட்டார் புரதத்தின் பங்கு என்ன என்பதுதான் என் கேள்வி. ஜீனை முடக்கியும் பார்க்கலாம்; ஆனால் அதற்கு நாட்கணக்கில் ஆகும், அதற்குள் செல் வேறு வழி தேடிக்கொள்ளும். மையோசின் 2ஐத் தடுக்கும், 2003இல் அறிமுகமான இந்த ஆய்வக மருந்து நிமிடங்களில் வேலையைக் காட்டுகிறது. கழுவிவிட்டால் செல் பழையபடி ஆகிறது.

முதல் நாள் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 25 மைக்ரோமோலார் விட்டேன். செல்லின் முன்பக்கம் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே போகிறது. பின்பக்கத்தை இழுத்துச் சேர்க்கத்தான் ஆளில்லை. வால் நீண்டு, மெலிந்து, வேர்போலக் கிளைவிட்டது. வாலை இழுத்துக்கொள்வது மையோசினின் வேலை என்று படித்தது அன்றுதான் உறைத்தது. மருந்து மையோசினை, அது பிடித்து இழுக்கும் ஆக்டின் என்ற இழைப்புரதத்தோடு இறுக்கிப் பூட்டுவதில்லை. மையோசின் தன் எரிபொருளான ஏடிபியை உடைக்கும்போது வரும் பாஸ்பேட்டை வெளியே விடாமல் தாமதப்படுத்தி, பிடி தளர்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. பிரேக் போட்ட வண்டி இல்லை, நியூட்ரலில் விட்ட வண்டி.

சரி, இனி வயிற்றெரிச்சல். ஆக்டினுக்குப் பச்சை ஒளிர்புரதம் ஒட்டி, 488 நானோமீட்டர் நீல லேசரில் இரவு முழுக்கப் படம் எடுத்தேன். காலையில் பார்த்தால், லேசர் பட்ட சதுரத்துக்குள் எல்லாம் பிணம். கோட்டுக்கு வெளியே அதே டிஷ்ஷில் நீள வால்களோடு செல்கள் சுகமாக இருந்தன. நீல ஒளி பட்டால் இந்த மூலக்கூறு சிதைந்துபோகும், கூடவே செல்லையும் கொல்லும். விற்றவர்கள் தந்த தாளில் ‘இருட்டில் வைக்கவும்’ என்ற ஒரு வரிதான் இருந்தது. அதை அலமாரிக்குச் சொன்னதாக நினைத்துவிட்டேன்!

இன்னொரு குறை, தண்ணீரில் கரைய மறுப்பது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த ஸ்டாக்கைக் குளிர்ந்த வளர்ப்புக் கரைசலில் ஊற்றினால் மஞ்சள் ஊசிகளாகப் படிந்துவிடும். 37 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஐந்தாம் நாள் இழைகளுக்குக் கொடுத்தால் துடிப்பும் அடங்கிவிடும், ஏனென்றால் எலும்புத்தசை மையோசினையும் இது விடுவதில்லை. அந்தக் கட்டத்தில் எந்த மையோசினைத் தடுத்ததால் என்ன ஆனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வாங்கும்போது பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டதையே கேளுங்கள். வேலை செய்வது அதுதான். கூட்டல் குறி போட்டது அதன் கண்ணாடிப் பிம்பம், வேலை செய்யாது, அதனாலேயே ஒப்பீட்டுக்கு அருமை. இரண்டும் கலந்ததை முதலில் வாங்கிவிட்டு, அளவு ஏன் உதைக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பச்சை ஒளிர்வு தேவைப்படும் சோதனைகளுக்கு இப்போது இதே மருந்தின் பாரா-அமினோ வகைக்கு மாறிவிட்டேன். அது நீல ஒளியைத் தாங்குகிறது, நன்றாகவும் கரைகிறது. மற்றதற்கெல்லாம் இந்தப் பழைய மஞ்சள் தூள்தான்: பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20இல். நுண்ணோக்கி விளக்கில் ஒரு சிவப்பு ஃபில்டர். ஐந்துக்கு மூன்றரை.