ரத்தப் பரிசோதனை மையத்துக்கு வாங்கிய பணித்துணை அட்டைகள்: எது மேசையில் நின்றது, எது அலமாரிக்குப் போனது

பெங்களூரு ஹலசூரில் ஒரு ரத்த மாதிரி சேகரிப்பு மையத்தை மேற்பார்க்கும் வேலை எனக்கு. எங்களிடம் ஆள் நிற்பதே பெரும்பாடு. கை பழகியதும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். அந்த இடத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோ முடித்த கையோடு, கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கும் பிள்ளை. அதனால் பயிற்சி என்பது எங்களுக்கு ஓயாத செலவு. இந்த ஆண்டு இன்னொரு வகுப்புக்குப் பணம் கட்டாமல், வேலை செய்யும் இடத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் அட்டைகளை வாங்கினோம். தயாரித்துக் கொடுத்தது நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனம். குறைகளையும் எழுதப்போவதால் பெயர் வேண்டாம். ஏழு அட்டைகள் கொண்ட தொகுப்பு, 6,500 ரூபாய்.

விற்க வந்தவர், படித்தது நாளாக நாளாக எவ்வளவு மறந்துபோகிறது என்று காட்டும் எபிங்ஹாஸின் மறதி வளைகோட்டைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னை மட்டுமே சோதித்து, 1885இல் அந்த ஜெர்மானியர் வெளியிட்ட கணக்கு அது. அதை வைத்துக்கொண்டு "உங்கள் ஊழியர்கள் நாளைக்கே முக்கால்வாசி மறந்துவிடுவார்கள்" என்பது வியாபாரப் பேச்சு. எங்கள் பிள்ளைகள் ஊசி போடுவதை மறப்பதில்லை, அதை நாள் முழுக்கச் செய்கிறார்கள். மறந்துபோவது வரிசை, எண்ணிக்கை, எப்போதோ ஒருமுறை வரும் காரியம். இந்த மூன்றுக்கு மட்டும் அட்டை வாங்கினால் காசு வீணாகாது.

வரிசைக்கான அட்டையே இந்தத் தொகுப்பில் முதல் தரம். ஒரே ஊசியில் பல குழாய்கள் நிரப்பும்போது எது முன், எது பின் என்பதற்கு முறை உண்டு. ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இருந்தால் அது முதலில், பிறகு உறைதல் சோதனைக்கான இளநீல மூடி, அடுத்து சீரத்துக்கான (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியாகச் சர்க்கரைக்கான சாம்பல். ஊதா மூடிக் குழாயில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அதில் ஒரு துளி அடுத்த சீரக் குழாய்க்குத் தொற்றினாலும் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் தெரியும். நல்ல சிறுநீரகத்தோடு வந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்து நடுங்கிப்போவார். வகுப்பில் இதைக் கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். காலை ஏழு மணிக் கூட்டத்தில், நரம்பு கிடைக்காத ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தடுமாறும்.

நிறுவனத்தார் இதைச் சுவரில் ஒட்டும் பெரிய அட்டையாகத்தான் கொடுத்தார்கள். நாற்காலிக்குப் பின்சுவரில் ஒட்டினால் ரத்தம் எடுப்பவர் கழுத்தைத் திருப்ப வேண்டும், அப்போது ஊசி அசையும். குழாய் தாங்கியின் முன்விளிம்பில் ஒட்டும்படி நீளப் பட்டையாக வெட்டித் தரச் சொன்னோம். மறுபேச்சில்லாமல் செய்து தந்தார்கள். பட்டையில் இடமிருந்து வலமாக அதே வரிசை, ஒவ்வொரு நிறத்தின் கீழும் எத்தனை முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும் என்ற எண். முதல் பிரதியில் "மெதுவாகக் கலக்கவும்" என்றுதான் இருந்தது. மெதுவாக என்றால் எவ்வளவு? இளநீலத்துக்கு 3-4, ஊதாவுக்கு 8-10 என்று எண்ணாகப் போடச் சொன்ன பிறகுதான் அது உருப்பட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் முன்பெல்லாம் ஊசி கையில் இருக்கும்போதே "அக்கா, சாம்பல் கடைசிதானே?" என்று கேட்பாள், நாற்காலியில் இருப்பவரின் முகம் மாறிவிடும். இப்போது ஊசிப்பிடியைப் பிடித்த இடது கை அசைவதில்லை. கண் மட்டும் பட்டைக்குத் தாழ்ந்து எழுகிறது, வலது கை அடுத்த குழாயை எடுக்கிறது. மாதிரியில் சந்தேகம் என்று தலைமை லேபிலிருந்து வரும் போன்கள் குறைந்திருக்கின்றன. முழுப் பெருமையும் பட்டைக்கே என்று சொல்லமாட்டேன், அதே சமயத்தில் பழைய தாங்கிகளையும் மாற்றினோம்.

குறை ஒன்று பெரிது: நிறம். அச்சில் ஊதாவும் இளநீலமும் வெளிறி, ட்யூப் லைட் வெளிச்சத்தில் அண்ணன் தம்பி போல இருந்தன. மற்ற எந்த இரண்டு நிறம் மயங்கினாலும் பொறுக்கலாம், இந்த இரண்டும் மயங்கக் கூடாது. எங்கள் குழாய்களையே போட்டோ எடுத்து அனுப்பி மறுபடி அச்சிட வைத்தோம். லேமினேஷனும் பளபளப்பு ரகம், விளக்கு பட்டால் எழுத்து தெரியாது. மேட் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, காகித விளிம்போடு ஒட்ட வெட்டிய அட்டைகளில் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி போட்டுத் துடைக்கத் துடைக்க ஈரம் உள்ளே இறங்கி ஓரம் பிரிகிறது. சுற்றிலும் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டியவை அப்படியே இருக்கின்றன.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்ற அட்டை நன்றாக இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவு, அழுத்திப் பிழியாதே, பிளீச் ஊற்றாதே, உடனே சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. யாரை அழைப்பது என்பதற்குக் கீழே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான், ஒட்டுவதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

வரவேற்பு மேசைக்கான அட்டையும் பரவாயில்லை. எந்தச் சோதனைக்கு வெறும் வயிறு, எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா என்பதெல்லாம் இருக்கிறது. காபியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! "சர்க்கரை போடாமல்தான் குடித்தேன்" என்று காலையில் வந்து நிற்பவர்களைத் தயாரித்தவர் பார்த்ததே இல்லை போலும். பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டோம்.

மீதி நான்கும் அலமாரியில் இருக்கின்றன. நரம்பு கண்டுபிடிப்பதற்கு ஓர் அட்டை போட்டிருக்கிறார்கள். அது விரல் நுனியில் வர வேண்டிய வித்தை, பக்கத்தில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும். கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து வீடியோ பார்க்கச் சொல்கிறது இன்னொன்று. கையுறை போட்ட கையால் போனைத் தொடாதே என்று நான் தினமும் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அது நடக்காது. சுத்தம் செய்யும் முறைக்கான அட்டையில் பொடி எழுத்தில் இரண்டு பக்கம். ஓர் அறுவை சிகிச்சை முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் ஒரே தாள், 19 அம்சங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியிருந்தது. மேசை துடைக்க இரண்டு பக்கம் எதற்கு? நான்காவது, வாடிக்கையாளரிடம் புன்னகைக்கச் சொல்லும் அட்டை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை, சொன்ன நாளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுப்பவர்களின் பை மூடிக்குள் ஒட்ட அதே பட்டையைச் சிறிதாகக் கேட்டபோது, குறைந்தது 50 எடுக்க வேண்டும் என்றார்கள். ஸ்கூட்டரில் போகிறவர்கள் நான்கே பேர். அந்த வேலையை அவென்யூ ரோட்டில் ஒரு அச்சுக் கடையில் கொடுத்தேன், நின்ற இடத்திலேயே மேட் லேமினேஷனில், ஓரம் விட்டு, ஒன்று 40 ரூபாய்க்குப் போட்டுத் தந்துவிட்டார்.