வெந்நீர்ச் சுழற்சிப் பம்ப்: தனிக் குழாயா, சிங்க் வால்வா?

அமெரிக்காவின் புறநகர் வீடுகளில் ஹீட்டர் பெரும்பாலும் கராஜ் மூலையில் இருக்கும். குளியலறையோ மாடியின் மறுகோடியில். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் ஆறிப்போன தண்ணீர் சுமார் 4.7 லிட்டர் நிற்கும். ஒவ்வொரு காலையும் அத்தனையும் வீணாகக் கொட்டுகிறது. அதைத் தடுக்கத்தான், ஆறிய நீரை ஹீட்டரை நோக்கித் திருப்பித் தள்ளும் சுழற்சிப் பம்ப். அதைப் பொருத்த இரண்டு முறைகள் உண்டு. வாங்கப் போகிறவர்கள் எது சீக்கிரம் சூடு தரும் என்று கேட்கிறார்கள். பழுதானால் எதில் காரணம் கண்டுபிடிப்பது எளிது என்பதையும் கேட்டுவிடுங்கள். என் கணக்கில் அதுதான் பெரிய கேள்வி.

ஒரு முறையில், வெந்நீர்க் குழாயின் கடைசியிலிருந்து தனி ரிட்டர்ன் குழாய் ஹீட்டருக்குத் திரும்பி வரும். பம்ப் அதில் உட்காரும். இன்னொன்றில் தனிக் குழாய் கிடையாது. பம்ப் ஹீட்டரின் மேல் இருக்கும், கடைசி சிங்கின் அடியில் ஒரு வால்வு. ஆறிய நீரை அது குளிர்ந்த நீர்க் குழாய்க்குள் விட்டுவிட்டு, சூடு ஏறியதும் (37 டிகிரி செல்சியஸ் வாக்கில்) தானாக மூடிக்கொள்ளும்.

தனிக் குழாய் முறையில் கையே தெர்மாமீட்டர். பம்ப் ஓட வேண்டிய நேரத்தில் ரிட்டர்ன் குழாய் சில்லென்று இருந்தால், முதலில் பம்பைக் குறித்த நேரத்தில் ஓட்டும் டைமரைப் பாருங்கள். கரண்ட் போனால் முள் வைத்த டைமரும் நின்றுவிடும். அப்புறம் காலை ஆறு மணி என்று அது நினைப்பது உண்மையில் பத்து மணியாக இருக்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும்போது இதையும் மாற்ற வேண்டும். டைமர் சரி என்றால், குழாயில் உள்ள அடைப்பு வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். களகள சத்தம் வந்தால் உள்ளே காற்று. சத்தமே இல்லாமல் பம்பின் உடல் மட்டும் கொதித்தால், சுண்ணாம்புப் படிவில் சுழலி இறுகியிருக்கலாம். சில பம்புகளின் முகப்பில் பெரிய திருகு இருக்கும். கரண்டைத் துண்டித்துவிட்டு அதைக் கழற்றினால், தண்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி விடலாம்.

இந்த முறையில் ஏமாற்றுகிற பழுது ஒன்றுதான்: நீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு. அது மூடாமல் நின்றுவிட்டால், குழாயைத் திறக்கும்போது ஹீட்டரின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் ரிட்டர்ன் வழியாகப் பின்னோக்கி ஏறி வெந்நீரில் கலந்துவிடும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே மாற்றத் துணிவார்கள். பம்பை நிறுத்தி ரிட்டர்ன் குழாயின் வால்வை மூடிப் பாருங்கள். இப்போது நல்ல சூடு வந்தால் குற்றவாளி செக் வால்வுதான். ஹீட்டருக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை.

சிங்க் வால்வில் பழுது வந்தால் அது குளிர்ந்த நீர்க் குழாயில்தான் தெரியும். முதல் சில விநாடிகள் வெதுவெதுப்பு இயல்பு. வெகுநேரம் தொடர்ந்தால், மணலோ உப்போ சிக்கி வால்வு மூடவில்லை. சிக்கல் என்னவென்றால், ஷவர் குழாயின் உள்ளே வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தாலும் அது இதே அறிகுறியைக் காட்டும். பம்பை நிறுத்தி, சிங்கின் அடியிலுள்ள இரண்டு வால்வுகளையும் மூடிய பிறகும் வேறு அறையின் குளிர்ந்த நீர்க் குழாயில் சூடாக வந்தால் கார்ட்ரிட்ஜைச் சந்தேகியுங்கள். நின்றுவிட்டால் சிங்க் வால்வைக் கழற்றி வடிகட்டியைக் கழுவுங்கள். இரண்டு மூன்று சிங்க்குகளில் வால்வு வைத்த வீட்டில் ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும். எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 25 முதல் 45 டிகிரி வரையிலான நீரில்தான் நன்றாகப் பெருகும். குளிர்ந்த நீர்க் குழாயை வெதுவெதுப்பாக வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

பம்ப் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. அறை சூடாக்கும் சுற்றுக்கான வார்ப்பிரும்புப் பம்ப் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்காதீர்கள். அங்கே ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும். வீட்டுக் குழாயிலோ ஆக்சிஜன் கலந்த புது நீர் வந்துகொண்டே இருக்கும், துருப்பிடித்துவிடும். வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகு என்று பார்த்து வாங்குங்கள்.

பட்டனை அழுத்தினால் மட்டும் ஓடுகிற வகையும் உண்டு. கரண்டும் வெப்பமும் மிச்சம், டைமர் தொல்லை இல்லை. இரண்டு முறைகளிலும் பொருத்தலாம்.

சுவர் திறந்திருக்கும் புதுவீடு என்றால் யோசிக்காமல் தனிக் குழாய் போடுங்கள். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைப்பது பெரும் செலவு. அங்கே சிங்க் வால்வு போதும். ஒரே ஒரு சிங்க்கில் மட்டும், அதுவும் பட்டனோடு.