டி-மானோஸ்: இரண்டு வருடம் குடித்துப் பார்த்ததில்

நான் சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை விட்டுவிட்டு நினைத்த நேரத்தில் கழிவறைக்குப் போய்வர முடியாது. அதனால் காலையில் பால் இல்லாத ஒரு கோப்பி ஓ, அப்புறம் மதியம் வரை தொண்டை நனைய ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். 2022இல் ஒரே வருடத்தில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்தது. நான்காவது முறை கொடுத்த ஆன்டிபயாடிக் கிருமியோடு சேர்த்து என் வயிற்றையும் ஒரு வழி பண்ணிவிட்டது. ஒரு வாரம் மோர் சாதம் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை.

உடன் வேலை பார்க்கும் தோழி சொல்லித்தான் டி-மானோஸ் வாங்கினேன். குளுக்கோஸுக்கு நெருங்கிய உறவான ஒற்றைச் சர்க்கரை. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை கிருமி. அதன் மேல் இருக்கும் மெல்லிய இழைகளின் நுனி, சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மானோஸைக் கவ்வி ஒட்டிக்கொள்ளும். நாம் குடித்த மானோஸில் ஒரு பகுதி உடலில் செலவாகாமல் அப்படியே சிறுநீரில் இறங்கும். கிருமி சுவரை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும் என்பது கணக்கு. கிருமியைக் கொல்வதல்ல, ஒட்டவிடாமல் செய்வது.

100 கிராம் டப்பா, நாளுக்கு 2 கிராம், ஆக 50 நாள். வாசனை கிடையாது, நம் சீனியை விடக் கொஞ்சம் குறைந்த இனிப்பு. நம்மூர் ஈரக்காற்றில் இரண்டே வாரத்தில் தூள் கட்டிதட்டிப்போய், கரண்டிக் காம்பால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்கிறேன்.

தொடக்கத்தில் பேராசைப்பட்டேன். லேசாக எரிச்சல் தெரிந்த ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கலக்கிக் குடித்தேன். மறுநாள் காலை எம்ஆர்டி ரயிலில் தோபி காட் நிலையம் வருவதற்குள் வயிறு கடமுடா என்றது. இறங்கி ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். சிறுகுடல் உறிஞ்சாமல் விட்ட சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். உப்புசமும் பேதியும் அதனால்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 2 கிராம் என்று நிறுத்திக்கொண்டதும் அந்தத் தொல்லை இல்லை.

பலன்? முதல் ஒன்பது மாதம் நீர்க்கடுப்பே வரவில்லை. ஆன்டிபயாடிக் தேவைப்படாததால் வயிறும் பழையபடி ஆனது. குடலுக்குக் கிடைத்த நன்மை மானோஸால் நேராக வந்தது என்று நான் சொல்லமாட்டேன், மாத்திரை உள்ளே போகாததால் வந்தது.

பத்தாவது மாதம் மறுபடியும் வந்தது. பலதுறை மருந்தகத்தில் என்ன கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீரை அனுப்பினார்கள். இந்த முறை எண்டெரோகாக்கஸ் என்ற வேறு கிருமி. அதற்கு மானோஸைக் கவ்வும் அந்த இழை கிடையாது. நான் விடாமல் குடித்ததெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குளிர்காய்ச்சலோ விலாவிலோ முதுகிலோ வலியோ வந்தால் தூளை நம்பி உட்காராதீர்கள், அது சிறுநீரகம் வரை போயிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே இது சத்துணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவது. அந்த வகைப் பொருட்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் விற்பனைக்கு முன் சோதித்து ஒப்புதல் தருவதில்லை.

அதற்குப் பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். எல்லாரும் மேற்கோள் காட்டுவது 2014இல் வந்த குரோஷிய ஆய்வு: 308 பெண்கள், ஆறு மாதம். மானோஸ் குடித்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும் எதுவும் எடுக்காதவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கும் திரும்ப வந்தது. ஆனால் அதில் போலி மருந்து, அதாவது பார்க்க அதேபோல இருந்தாலும் உள்ளே மருந்தில்லாத ஒன்றை, மற்றவர்களுக்குக் கொடுத்து ஒப்பிடவில்லை. 2024இல் பிரிட்டனில் 598 பெண்களிடம் அப்படி ஒப்பிட்டார்கள். மானோஸ் குடித்தவர்களில் 51 சதவீதம், போலித் தூள் குடித்தவர்களில் 55.7 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். படித்தபோது டப்பாவுக்குக் கொடுத்த வெள்ளியெல்லாம் கண்முன் வந்து போனது.

யோசித்துப் பார்த்தால், தூளோடு சேர்த்து நான் இன்னொன்றையும் மாற்றியிருந்தேன். அதைக் கரைக்கவென்று ஒரு பெரிய குவளைத் தண்ணீர் குடிப்பேன், அந்தப் பழக்கம் பகலிலும் தொற்றிக்கொண்டது. அம்மாவோ, "இதைத்தானேடி பார்லித் தண்ணி குடின்னு அன்னைக்கே சொன்னேன்" என்கிறார். வாய் திறக்க முடியவில்லை.

இப்போது தினமும் எடுப்பதில்லை. நீண்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் குடிக்கிறேன், அது மனத்திருப்திக்காகவும் இருக்கலாம். பள்ளியில் தோழியும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: பத்தரை மணிக்கு அவள் வந்து என் பிள்ளைகளோடு ஐந்து நிமிடம் நிற்பாள், பதினொன்றுக்கு நான் அவள் வகுப்பில்.