என்ர கை என்ர சொல்லுக் கேக்குதில்லை

ரொறொன்ரோவிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் போனேன். யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் வீட்டுப் படலையைத் திறந்ததுமே பெரியம்மாவின் இடது கைதான் கண்ணில் பட்டது. தோளிலிருந்து வீசி எறிவதும், சுழல்வதும், மடியில் விழுவதுமாக அது ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. இடது காலும் அப்படித்தான். வலது பக்கத்தில் ஒன்றுமில்லை. பேச்சு தெளிவு, நினைவும் தெளிவு. "என்ர கை என்ர சொல்லுக் கேக்குதில்லைப் பிள்ளை" என்றார். நித்திரையானால் மட்டும் ஆட்டம் நின்றுவிடுமாம். தொடங்கி நான்கு நாளாகியும் நான் பயந்துவிடுவேன் என்று தொலைபேசியில் சொல்லவில்லை. அயலில் ஒருவர் பார்வை பார்த்து நூல் கட்டியிருந்தார்.

அன்று பின்னேரமே ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனேன். சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் ஆழத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. இரத்தக் கசிவாக இருக்கலாம், கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பெரியம்மாவுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம் இருக்கிறது என்று நான் சொல்லியும் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

மறுநாள் காலை பெரியம்மா மிகவும் சோர்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா "1990க்கு அடியுங்கோ" என்றார். இலவச அம்புலன்ஸ். 2018இல் வடக்குக்கும் வந்துவிட்ட சேவை என்பதே எனக்குத் தெரியாது. கெதியாக வந்தார்கள், பக்குவமாக ஏற்றினார்கள், ஒரு சதமும் வாங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் முதல் வேலையே விரலில் குத்தியதுதான். சீனி 486. நாங்கள் கனடாவில் பார்க்கும் அளவு வேறு என்பதால் எனக்கு உடனே பிடிபடவில்லை. 18ஆல் வகுத்தால் கனடா அளவில் 27. உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன் சலத்தில் இல்லை. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 13 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

டொக்டர் ஸ்கானை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கினார். சீனி கட்டுப்பாடில்லாமல் நெடுநாள் ஏறிக்கிடந்தால், அரிதாகச் சிலருக்கு, மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதி பாதிக்கப்படும். அதனால் எதிர்ப்பக்கக் கையும் காலும் தன்பாட்டில் ஆடும். பெயர் ஹெமிகொரியா. கொரியா என்றால் கிரேக்கத்தில் நடனமாம். கை இன்னும் பலமாக வீசினால் ஹெமிபலிஸ்மஸ். வயதான பெண்களிடம்தான் கூடுதலாகக் காண்கிறார்கள், ஆசிய நாடுகளில் இருந்தே நிறையப் பேரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. ஸ்கானில் தெரியும் அந்த வெள்ளையை இரத்தக் கசிவென்று எடுத்துக்கொள்வதும் நடப்பதுதான் என்றார்.

மருந்து? முதன்மையாக இன்சுலின்தான். ஆட்டத்தை அடக்கச் சிறிய அளவில் ஹலோபெரிடோல். ஐந்தாம் நாள் கை தணிந்தது. பத்தாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையாலேயே பிடித்தார். நான் வெளியே விறாந்தையில் போய் அழுதேன். எல்லோருக்கும் இவ்வளவு விரைவாக மாறாது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஸ்கானில் உள்ள திட்டு மறையவும் மாதங்கள் ஆகலாம்.

வார்டில் சன நெருக்கம். பார்வையாளர் நேரத்தில் நிற்க இடமில்லை. ஆனாலும் ஒரு தாதி மிஸ் அரை மணித்தியாலம் ஒதுக்கி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசி போடப் பழக்கினார். எந்த இடத்தில் குத்துவது, சாப்பிடாமல் ஊசி போட்டால் என்ன நடக்கும், கைநடுங்கி வியர்த்தால் உடனே என்ன கொடுப்பது என்று ஒன்றும் விடவில்லை.

ஏன் இவ்வளவுக்கு ஏறியது என்று கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். ஏழு மாதமாகப் போகவில்லை. கூட்டிப்போக ஆளில்லை. குளிசை முடிந்ததும் பாகற்காய்ச் சாறு குடித்திருக்கிறார், பனங்கட்டி சீனியை ஏற்றாது என்று நம்பி மூன்று வேளையும் தேத்தண்ணியோடு கடித்திருக்கிறார். பனங்கட்டியும் சீனியை ஏற்றும். நாங்கள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினோம். கிளினிக் திகதியை ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

இப்படி ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று ஆடத் தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போனதும் சீனியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சீனி வருத்தம் இருப்பதே தெரியாமல் இருந்தவர்களுக்கும் இதுவே முதல் அறிகுறியாக வந்திருக்கிறது.

வரும்போது தெரு முனை ஓட்டோத் தம்பியிடம் ஆறு மாதக் கிளினிக் திகதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா தினமும் காலையில் மீற்றரைப் படமெடுத்து அனுப்புகிறார். இன்று 148.